உபயம்: பதினொரு சுடர்கள்

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் கருணைச் சுடர் சங்கம் என்று ஒரு தரும ஸ்தாபனம் இருந்தது. மில் முதலாளிகளும் தறி முதலாளிகளும் இரண்டொரு டாக்டர்களும் அதில் உறுப்பினர்கள். உறுப்பினர் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். ஒவ்வொருவரும் ஒரு சுடர். ஊரில் இருக்கிற இருட்டைப் போக்குவதற்காக மாதம் இரண்டு புதன்கிழமை ஏ.சி. போட்டுக்கொண்டு கூடுவார்கள். மணி அடிப்பார்கள், கடவுள் வாழ்த்துப் பாடுவார்கள், தலைவர் கழுத்தில் பித்தளைப் பதக்கம் மாட்டுவார்கள், ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்வார்கள், அப்புறம் சாப்பாடு. நேரம் மிஞ்சினால் தருமமும் உண்டு.

செய்த தருமத்தில் செய்தவர் பெயர் இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் முதல் விதி. இரண்டாவது விதி என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவர்கள் கொடுத்த ட்யூப் லைட்டில் பெயர்கள் போக நடுவில் ஒரு சாண் அளவுக்கு வெளிச்சம் வந்தது. அனாதை இல்லத்துக்குக் கொடுத்த டம்ளர்களில் வெளிப்பக்கம் இடம் போதாமல் உள்ளேயும் வெட்டச் சொன்னார்கள். பாலைக் குடித்து முடிக்கிற பிள்ளைகள் அடியில் பொருளாளரைப் பார்த்தார்கள். கால் இழந்த ஒருவருக்கு ஊன்றுகோல் கொடுத்தபோது, பெயர் இருக்கும் பக்கம் ரோட்டைப் பார்த்து இருக்கும்படி நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வரும்போது என்ன செய்வது என்று அந்த மனுஷர் கேட்கவில்லை.

இந்தப் பெயர்களையெல்லாம் வெட்டியவர் அக்பர் அலி. பெரிய கடை வீதியில் ஒரு பாத்திரக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குடத்திலும் அண்டாவிலும் சீர்த் தட்டிலும் கரண்ட் பேனாவால் பெயர் வெட்டுவது அவர் தொழில். சங்கத்துக்காரர்களுக்கு அவர் கையெழுத்து பிடித்துப் போயிற்று. எல்லோர் பெயரையும் ஒரே உயரத்தில் வெட்டுவார். அந்தச் சங்கத்தில் அது பெரிய விஷயம்.

அக்பர் அலியின் மனைவி பாத்திமுத்து வாய் ஓயாத பெண்பிள்ளை. உக்கடத்துச் சந்தில் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிற யாரும் அவளிடம் நாலு வார்த்தை வாங்காமல் போனதில்லை. அவளுக்கு நரம்பில் ஒரு வியாதி வந்தது. முதலில் கால் போயிற்று, பிறகு கை, அப்புறம் நாக்கு. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. மகள் நிதா எழுத்து அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டுவாள், அம்மா கண்ணை மூடினால் அந்த எழுத்து என்று கணக்கு. ஆனால் இமையும் பலமில்லாமல் தானாகவே விழும். எது சம்மதம், எது அசதி என்று தெரியாமல் அம்மாவும் மகளும் சேர்ந்து அழுவார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு வழி சொன்னார். லேப்டாப் என்று மடியில் வைக்கிற கம்ப்யூட்டர் ஒன்று வந்திருக்கிறது. அதன் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது விரலால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், அது கீழே பதிந்துவிடும். விலையைக் கேட்டு அக்பர் அலி எழுந்து வந்துவிட்டார். அந்த டாக்டரும் ஒரு சுடர். அவர் சங்கத்தில் பேசினார். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தை மாதம், கருணைச் சுடர் சங்கம் பாத்திமுத்துவுக்கு லேப்டாப் கொடுப்பதாகத் தீர்மானம் போட்டது. அதற்கான பெயர்த் தகடும் அக்பர் அலியிடமே வந்தது.

"உங்க ஊட்டுக்குத்தானுங்களே பாய், கொஞ்சம் நல்லாவே வெட்டிக் குடுத்துருங்க" என்றார் செயலாளர் லட்சுமிநாராயணன்.

அக்பர் அலி அழகாகத்தான் வெட்டினார். பித்தளைத் தகட்டில் மேலே 'உபயம்', கீழே பதினொரு பெயர்கள். தலைவர் வரதராஜுலு, உபதலைவர் பாலுசாமி என்று தொடங்கி, முன்னாள் தலைவர்கள் வரைக்கும். வேலை செய்யும்போது அவருக்குக் கண் கலங்கியது. இந்தப் பதினொரு பேரும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார துஆ செய்தபடியேதான் வெட்டினார்.

தகட்டை எங்கே ஒட்டுவது என்பதில்தான் சிக்கல். மூடியில் ஒட்டினால் திறக்கும்போது பின்பக்கம் போய்விடும். அடியில் ஒட்டினால் யாருக்கும் தெரியாது. போட்டோவில் விழ வேண்டும். தலைவர் வரதராஜுலு லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, திரைக்கும் விசைகளுக்கும் நடுவில், சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்த நீளமான பட்டையில் விரலை வைத்தார்.

"இந்த எடம் சும்மாதானே கெடக்குது?"

லேப்டாப்பை விற்றவர் சசிதர். கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர், அவரும் சுடர். அவர் வாயைத் திறந்தார். அந்த வருஷம் அவருக்குச் சங்கத்தில் ஒரு பதவி கிடைக்கிற மாதிரி இருந்தது. வாயை மூடிக்கொண்டார். பதினொரு பெயரும் அந்தப் பட்டையில் அடங்கவில்லை என்பதால், தகட்டின் இரண்டு ஓரத்தையும் மடக்கி, முன்னாள் தலைவர்களைப் பக்கவாட்டில் இறக்கினார்கள். பக்கவாட்டில் இருந்த சல்லடைகளும் மூடிக்கொண்டன. அரால்டைட் போட்டு ஒட்டினார்கள். இயந்திரம் சங்கத்தின் உடைமை என்றும், தகட்டுக்குச் சேதம் வந்தால் சங்கம் இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்றும் சொல்லி, அக்பர் அலியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

லேப்டாப் வீட்டுக்கு வந்த அன்று சந்தே கூடிவிட்டது. பாத்திமுத்து விரலை அசைத்தாள். திரையில் எழுத்து எழுத்தாக, 'நிதா' என்று வந்தது. அப்புறம், 'தலை சீவு' என்று வந்தது. நிதா சிரித்துக்கொண்டே அழுதாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அம்மா அவளைத் திட்டியிருந்தாள்.

கால் மணி நேரம் ஆயிற்று. லேப்டாப்பின் அடி தோசைக்கல் மாதிரி சுட்டது. திரை நீலமாகி, பிறகு கறுப்பாகி, அணைந்தது. எழுதியதெல்லாம் போயிற்று. ஆறிய பிறகு போட்டால் மறுபடி கால் மணி நேரம். பாத்திமுத்துவுக்கு ஒரு வாக்கியம் எழுதவே அந்த நேரம் ஆகும். ஒருநாள், 'ரசத்தில் உப்பு' என்று எழுதியபோது அணைந்துவிட்டது. உப்பு அதிகமா, குறைவா? நிதா குறைத்தாள், அக்பர் அலி கூட்டினார். அந்த வாரம் முழுக்க யாரும் ரசம் சாப்பிடவில்லை.

அக்பர் அலி சங்கத்துக்குப் போனார். புதன்கிழமைதான் வர வேண்டும் என்றார்கள். புதன்கிழமை போனார். மணி அடித்து, வாழ்த்துப் பாடி, பதக்கம் மாட்டி, இரண்டு பேருக்குப் பிறந்தநாள் கேக் வெட்டி முடிந்தபின் அவரைக் கூப்பிட்டார்கள்.

"ஏனுங்க, மிசின் சூடாகி சூடாகி அணைஞ்சுபோகுதுங்க. அவ ஒரு வார்த்தையை முடிக்கறதுக்குள்ள போயிருதுங்க" என்றார் அக்பர் அலி.

சசிதர் எழுந்து விளக்கம் கொடுத்தார். "டெக்னிக்கலாப் பாத்தீங்கன்னா, உள்ள இருக்கற சூடு வெளிய போகோணும். அதுக்கு ஓட்டை வேணும். கம்பெனிக்காரன் ஓட்டை வெச்சிருக்கறான். அந்த ஓட்டை மேல இப்போ நாம இருக்கறோம். இதை நான் ஒரு குறையாச் சொல்லலீங்க. ஒரு தகவலாத்தான் சொல்றேன்."

தலைவர் வரதராஜுலு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நம்ம பேரை எடுத்துப்போட்டா, இதை ஆரு குடுத்தாங்கன்னு அந்தம்மாளுக்கே மறந்துபோகுமுங்க. ஒரு நோயாளியை நன்றி மறக்கற நெலமைக்கு நாம தள்ளலாமா? அது பாவமில்லீங்களா?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

உபதலைவர் பாலுசாமி சோமனூரில் தறிப்பட்டறை வைத்திருப்பவர். இயந்திரம் என்றால் தனக்குத்தான் தெரியும் என்று நினைப்பவர். "அந்தம்மா நெறையாப் பேசுதாட்ட இருக்குது. தறி மோட்டார்கூட விடாம ஓட்டுனா சூடாகத்தான் செய்யும். கொஞ்சம் பாத்துப் பேசச் சொல்லுங்க பாய். தண்ணி, வலி, வெளிக்கு. இந்த மூணு வார்த்தை போதுமே. நம்மெல்லாம் வேற என்னத்தைப் பேசிப்போடறோம்?" என்றார். அதற்குப் பிறகு அவர் அதே விஷயத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பயனாளி அத்தியாவசியமானதை மட்டும் பேசும்படி அன்போடு கேட்டுக்கொள்வது என்று தீர்மானம் நிறைவேறியது.

அக்பர் அலி அதை வீட்டில் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் போனார். இந்தத் தடவை சங்கம் மனம் இரங்கி, லேப்டாப்பைக் குளிரவைக்க ஒரு ஸ்டாண்ட் ஃபேன் கொடுத்தது. அதற்கு ஒரு விழா, அதற்கு ஒரு போட்டோ. ஃபேனின் கம்பிக்கூட்டுக்கு நடுவில் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு வட்டத் தகடு. அதையும் அக்பர் அலிதான் வெட்டினார். காற்று சுடர்களைச் சுற்றிக்கொண்டு ஓரமாக வந்தது. லேப்டாப் குளிரவில்லை. பாத்திமுத்துவுக்குச் சளி பிடித்தது.

அக்பர் அலி தனக்குத் தெரிந்த வழியில் யோசித்தார். விசிட்டிங் கார்டில் பாதி அளவுக்கு ஒரு தகடு வெட்டி, அதில் பதினொரு பெயரையும் பொடி எழுத்தில் இறக்கினார். ஓட்டைகளை மறைக்காமல் ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளலாம். கண் வலிக்க வலிக்க வெட்டி எடுத்துக்கொண்டு போனார். தலைவர் வரதராஜுலு கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"என்ற பேரு எங்கீங்க?"

"இதானுங்க முதலாளி. மேல மொதலாவது."

"என்ற பேரை இன்னொருத்தர் வெரலு வெச்சுக் காட்டித்தான் நான் பாக்கோணும்னா, நான் எதுக்குப் பாய் தருமம் பண்றேன்?" என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். அவருக்கு உண்மையாகவே மனம் வலித்ததை அக்பர் அலி பார்த்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார். பாத்திமுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அணைவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவள் கண்ணில் தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தைதான் எழுதினாள். 'பிடுங்குங்க.'

"அத்தா, கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றாள் நிதா.

"அம்மா சொல்றா கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் உளியை எடுத்தார். தகடு சுலபமாக வரவில்லை. இரண்டு முன்னாள் தலைவர்கள் வளைந்தார்கள். ஒருவழியாகப் பெயர்ந்து வந்தது.

அன்று மத்தியானம் தொடங்கி அந்தி சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் அந்த லேப்டாப் அணையவில்லை. பாத்திமுத்து பேசினாள். ரசத்தில் உப்பே இல்லை என்று முதலில் சொன்னாள். அக்பர் அலியின் பச்சைச் சட்டையை அடுப்புத் துணியாக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டு இஸ்மத் தன்னை வந்து பார்க்கும்போது அழுகிறாளே, அதை நிறுத்தச் சொன்னாள். நானே அழலை, அவளுக்கென்ன என்று கேட்டாள். நிதாவை என் அண்ணன் வீட்டில் விடாதீங்க, அவளைப் படிக்க வைங்க, உங்களுக்குத் தனியாகச் சோறு பொங்கத் தெரியும் என்றாள். அக்பர் அலி ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்று சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் பேசியதை இவ்வளவு கவனமாக அவர் கேட்டதே இல்லை.

கடைசியில், 'உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்' என்று எழுதினாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். 'விரல் வலிக்குது. நாளைக்கு' என்று வந்தது.

"எப்பவுமே ஒண்ணை மிச்சம் வெப்பியே நீ" என்று சிரித்தபடி அவர் மூடியை மூடினார். அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

மறுநாள் காலையில் சங்கத்தின் மாதாந்திரப் பார்வைக் குழு வந்தது. குழு என்றால் லட்சுமிநாராயணனும் ஒரு போட்டோகிராபரும். செயலாளர் லேப்டாப்பைப் பார்த்தார். ஜன்னல் மேல் வளைந்து கிடந்த தகட்டைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"பாய், நீங்க நல்ல மனுசன். ஆனா பதினொரு பேரைப் புடுங்கிப்போட்டீங்களே" என்றார்.

"தகட்டை எடுத்ததுக்கப்புறம் நல்லா ஓடுதுங்க. நேத்து ஒரு மத்தியானம் பூராம் பேசுனாளுங்க. நீங்களே பாருங்க. இன்னைக்கு ஒரு நாளாச்சும் உட்டுட்டுப் போங்க, அவ எங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்னு இருக்கறா" என்று அக்பர் அலி கெஞ்சினார்.

"நானா இருந்தா உட்டுட்டுப் போயிருவேனுங்க. சங்கம்னு ஒண்ணு இருக்குதே. பேரில்லாத பொருளு சங்கத்தோடதுன்னு நாளைக்கு நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றபடி அவர் லேப்டாப்பைப் பைக்குள் வைத்தார். பாத்திமுத்துவின் விரல் போர்வை மேல் அசைந்துகொண்டிருந்தது. அமுக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

புதுத் தகடு போட்டதும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் ஆடி மாதம் சங்கத்தில் தலைவர் மாறுகிற சமயம். வரதராஜுலு இறங்கி, பாலுசாமி ஏற வேண்டும். யார் பெயரைப் போடுவது? கொடுத்தது என் காலத்தில் என்றார் வரதராஜுலு. திருப்பிக் கொடுக்கப்போவது என் காலத்தில் என்றார் பாலுசாமி. இரண்டு பேருமே நியாயஸ்தர்கள் என்பதால் இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை.

அக்பர் அலி போய்ப் போய்ப் பார்த்தார். மாடிக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், ஏ.சி.க் காற்றில் லேப்டாப் இருந்தது. தகடு இல்லாததால் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தடங்கலே இல்லாமல் ஓடியது. பாலுசாமியின் பதவியேற்பு விழா அழைப்பிதழை அதில்தான் அடித்தார்கள். அவரை வரவேற்கும் கவிதையையும் அதில்தான் அடித்தார்கள். "அருமையான மிசினுங்க பாய், ஒரு தடவைகூட அணையலை" என்று லட்சுமிநாராயணன் அவரிடமே சொன்னார். அக்பர் அலிக்கு அந்தக் கண்ணாடியை உடைத்துவிடலாம் என்று இருந்தது. ஆமாங்க என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

வீட்டில் அவர் தினமும் பாத்திமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று கேட்பார். நிதாவைப் பற்றியா? உன் அண்ணனைப் பற்றியா? என் மேல் ஏதாவது வருத்தமா? அவள் கண் மூடும், திறக்கும். அது பதிலா, அசதியா என்று அவருக்குத் தெரியவில்லை. அது என்னவென்று கடைசிவரை அவருக்குத் தெரியாமலே போயிற்று.

ஒருவழியாகச் சமரசம் வந்தது. பழைய பதினொரு பேர், புதிதாக வந்த ஐந்து பேர், ஆகப் பதினாறு. அக்பர் அலி ஒரே நாளில் வெட்டினார். பெயருக்கும் பெயருக்கும் நடுவில், பார்வைக்குப் பூ வேலை மாதிரி தெரியும்படி, பொடிப் பொடியாக ஓட்டை போட்டிருந்தார். சூடு அந்த வழியாகவாவது போகட்டும் என்று நினைத்தார். பாலுசாமி தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்ற பேருக்குப் பக்கத்துல எதுக்குங்க ஓட்டை? பூச்சி அரிச்சாட்ட இருக்குது. நல்ல காரியத்துக்கு ஓட்டைத் தகடு ஆகாது பாய். வேற வெட்டிக்கிட்டு வாங்க."

ஓட்டையில்லாத தகடு வெட்டவும், அதைச் செயற்குழு பார்க்கவும், விழாவுக்கு நல்ல நாள் பார்க்கவும் நாள் ஓடியது. அதற்குள் பாத்திமுத்துவின் விரல் நின்றுபோயிற்று. ஒரு காலையில் நிதா அதைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு அதைப் போர்வைக்குள் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அக்பர் அலி சங்கத்தில் போய்ச் சொன்னார். "இனி அது வேண்டாமுங்க. அவளுக்கு வெரலு ஓடலீங்க. வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க."

லட்சுமிநாராயணனுக்கு முகம் வாடிவிட்டது. "அழைப்பிதழ் அச்சாயிருச்சுங்களே பாய். புதுத் தலைவருக்கு இதுதான் மொத நிகழ்ச்சி. அவரு மனசு நோகக் கூடாதில்லீங்களா? ஒரு பத்து நிமிசம். அந்தம்மாளுக்கு ஒரு சிரமமும் குடுக்கமாட்டோம்."

உக்கடத்துச் சந்தில் கார்கள் நுழையாததால் சுடர்கள் மெயின் ரோட்டிலிருந்து நடந்தே வந்தார்கள். அந்தச் சின்ன அறைக்குள் இருபது பேர் நின்றார்கள். இடமில்லாமல் அக்பர் அலி தன் வீட்டு வாசற்படிக்கு வெளியே நின்றார். பாலுசாமி கழுத்துப் பதக்கத்தோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். ஊமைக்கு வாய் கொடுத்தவர்கள் நாங்கள் என்று பெருமைப்படவில்லை, ஆனால் கொடுத்தது நாங்கள்தான் என்றார். பேச்சு முடிந்ததும் போட்டோகிராபர், அம்மா பொத்தானை அமுக்குகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார்.

பாத்திமுத்துவின் விரல் அசையவில்லை. எல்லோரும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு பாலுசாமி அன்போடு அவள் விரலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். சசிதர் திரையைப் பார்த்து, "இப்போ" என்றார். பாலுசாமி விரலை அமுக்கினார். ந. "இப்போ." ன். "இப்போ." றி. அறை முழுக்கக் கைதட்டல். ஒருவர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாத்திமுத்துவின் கண்கள் மட்டும் கூட்டத்துக்கு நடுவில் அலைந்து, வாசலில் நின்ற அக்பர் அலியைக் கண்டுபிடித்து அங்கேயே நின்றன. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு வெட்கம் அவருக்கு வந்ததில்லை.

சுடர்கள் மிக்சரும் காபியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லேப்டாப் சூடாகி அணைந்தது. யாரும் கவனிக்கவில்லை. பேப்பரில் போட்டோ நன்றாகவே வந்தது. பேச்சிழந்த பெண்மணி முதல் வார்த்தையாக நன்றி சொன்னார் என்று அடியில் போட்டிருந்தார்கள். நிதா அந்தப் பேப்பரை அம்மாவிடம் காட்டவில்லை.

ஐப்பசி மழையில் பாத்திமுத்து மௌத்தானாள். சங்கத்தில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார்கள். அன்றைக்கே இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். மாடிக் கூடத்தில், தலைவர் நாற்காலிக்கு மேலே, ஒரு பித்தளைத் தகடு. அதில் பெரிய எழுத்தில் 'நன்றி', கீழே அவள் பெயர். சங்கத்தாரின் பெயர் எதுவும் வேண்டாம் என்று பாலுசாமியே சொன்னார். அந்த அடக்கத்தைப் பலரும் பாராட்டினார்கள்.

வேலை அக்பர் அலிக்கு வந்தது. ஆயிரக்கணக்கான பாத்திரத்தில் ஊர்க்காரர்களின் பெயரை வெட்டியவர், மனைவியின் பெயரை ஒருநாளும் வெட்டியதில்லை. வீட்டுப் பாத்திரம்தானே, யார் எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து அந்த ஒரு பெயரை மெதுவாக வெட்டினார். பாத்திரக் கடைக்காரர் அன்றைக்கு வேறு வேலை எதையும் அவரிடம் கொடுக்கவில்லை.

புதன்கிழமை அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போனார். லட்சுமிநாராயணன் பிரித்துப் பார்த்தார். தகட்டின் மேல்பாதி வெறுமையாகப் பளபளத்தது. கீழே 'பாத்திமுத்து' என்று மட்டும் இருந்தது.

"நல்லாருக்குதுங்க பாய். மேல அந்த வார்த்தையை உட்டுட்டீங்களே?"

"அதை அவ சொல்லலீங்க" என்றார் அக்பர் அலி.

"என்னுங்க பாய் இப்படிச் சொல்றீங்க? பேப்பர்லயே வந்துதுங்களே. நாங்க அத்தனை பேரும் பாத்தோமே."

"நானும் பாத்தேனுங்க" என்றார் அவர். தகட்டைத் திரும்ப வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அவ சொன்னா வெட்டிருப்பேனுங்க."